பினாங்கில் மயானச் சட்டங்கள்: ஈமச்சேவைக்கும் மயானக் குழுவுக்கும் புதிதாக வருபவர்களுக்கு

ஈமச்சேவைத் தொழிலில் இறங்கும் தம்பிகளும், கோவில் மயானக் குழுவில் புதிதாகப் பெயர் கொடுத்தவர்களும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, இதுக்கான சட்டப் புத்தகம் எங்க கிடைக்கும்?"

ஒரே புத்தகத்தில் கிடைக்காது. இறப்பைப் பதிவு செய்வது ஒரு சட்டத்தில் இருக்கிறது. மயான நிலம் இன்னொரு சட்டத்தில். பெட்டி விற்கிற கடைக்கு வேண்டிய லைசென்ஸ் வேறொன்றில். இவை எங்கே உருவாகின்றன, யார் கையில் இருக்கின்றன என்று தெரியாதவர்கள்தான் துக்க வீட்டின் நேரத்தை கவுண்டர் கவுண்டராக நின்று கழிக்கிறார்கள். நான் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் ஒரு தோட்டத்துக் கோவில் குழுவில் இருபது வருடத்துக்கு மேலாக மயானப் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். அங்கே கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: எது யாருடைய வேலை

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் கடைசிப் பகுதியில் அட்டவணைகள் இருக்கின்றன. அதில் ஒன்பதாவது அட்டவணை மத்திய அரசின் அதிகாரத்தையும் மாநிலங்களின் அதிகாரத்தையும் பிரித்துக் கொடுக்கிறது. மாநிலப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நிலம் மாநிலத்துடையது. ஊராட்சி மாநிலத்துடையது. ஐந்தாவது உருப்படியில் சந்தை, தங்கும் விடுதி, கால்நடைப் பட்டி ஆகியவற்றோடு புதைக்கும் இடங்களும் எரிக்கும் இடங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆக, மயானம் அடிப்படையில் மாநிலத்தின் பொறுப்பு. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால், "இது கோலாலம்பூர்ல இருந்து வரணும்" என்று யாராவது கைவிரிக்கும்போது நீங்கள் பேசாமல் திரும்பி வரமாட்டீர்கள்.

ஆனால் மனிதர் இறந்ததைப் பதிவு செய்வது மத்திய அரசின் வேலை. அதற்கு 1957-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இருக்கிறது. தேசியப் பதிவிலாகா அதைக் கவனிக்கிறது. தொற்றுநோயால் இறந்தவரின் உடலைக் கையாள்வது 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சிடம் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய மரணம் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீஸ் விசாரிக்கும். போலீஸ் விடுவிக்கும்வரை உடலை வாங்க முடியாது. அந்த நேரத்தில் அவசரப்படுத்துவது குடும்பத்துக்கு நல்லதும் அல்ல.

கோலாலம்பூரில் நிலைமை வேறு. அது கூட்டரசுப் பிரதேசம், அங்கே சட்டமன்றம் கிடையாது. நாடாளுமன்றம் இயற்றும் சட்டமும் மாநகராட்சியின் விதிகளும்தான். அங்கே தொழில் செய்த ஒருவர் பினாங்குக்கு வந்தால், அங்குள்ள பழக்கம் இங்கேயும் அப்படியே செல்லும் என்று எண்ணக்கூடாது.

சட்டமன்றத்தில் ஒரு சட்டம் எப்படிப் பிறக்கிறது

பினாங்கு சட்டமன்றத்தில் 40 தொகுதிகள். ஜார்ஜ்டவுனில் லைட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் அந்தக் கட்டடத்தைப் பலமுறை கடந்து போயிருப்பீர்கள். ஒரு தடவை உள்ளே போய்ப் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து பாருங்கள்.

புதிய மாநிலச் சட்டம் வேண்டுமென்றால் முதலில் அது மாநில ஆட்சிக்குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். சட்டச் சொற்களை மாநிலச் சட்ட ஆலோசகரின் அலுவலகம் சரிபார்க்கும். மசோதாவை மலாயில் ரங் உண்டாங்-உண்டாங் என்பார்கள். அது மன்றத்தில் முதல் வாசிப்புக்கு வரும்போது தலைப்பு மட்டும் சொல்லப்படும். இரண்டாம் வாசிப்பில்தான் விவாதம். அதன்பின் குழுநிலையில் ஒவ்வொரு பிரிவாக எடுத்துப் பார்ப்பார்கள், திருத்தம் வந்தால் இங்கே வரும். மூன்றாம் வாசிப்பில் நிறைவேறும். மாநில ஆளுநர் ஒப்புதல் அளித்து, அரசிதழில் வெளியான பிறகே அது சட்டம். மாநிலச் சட்டத்துக்கு எனாக்மென் என்று பெயர். அரசிதழில் வருவதை எல்லாரும் வார்த்தா என்றுதான் சொல்கிறார்கள், கவுண்டரில் நீங்களும் அதையே சொல்லுங்கள்.

மாநிலச் சட்டத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் மாநிலச் சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது. அரசியலமைப்பின் 75-ஆம் விதி இதைச் சொல்கிறது. பினாங்கிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர 2012-இல் இங்கே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது, ஏனென்றால் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அந்தத் தேர்தலை ஏற்கெனவே நீக்கிவிட்டது. மயானத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. நம் ஊராட்சி மன்றமான மாநகர் கழகத்தின் உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. அதனால் மயான விதியில் குறை இருந்தால், ஓட்டுக் கேட்டு வருகிற மனிதர் நம் சட்டமன்ற உறுப்பினர்தான். முதல் கடிதம் அவருக்குத்தான் போக வேண்டும்.

மன்றம் கூடுவதற்கு முன் உறுப்பினர்கள் வாய்மொழிக் கேள்வியும் எழுத்துக் கேள்வியும் அனுப்புவார்கள். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையில் ஆறு மாதம் கடந்துவிடக் கூடாது என்பது விதி. கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்பட்ட உடனே உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் போய் நில்லுங்கள். "எங்கள் பகுதி மயானம் அரசிதழில் பதிவாகியிருக்கிறதா, இல்லையென்றால் எப்போது பதிவாகும்?" என்று இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். நீளமான மனுவை யாரும் மன்றத்தில் வாசிப்பதில்லை. இரண்டு வரிக் கேள்விக்குப் பதில் வந்தால் அது மன்றத்தின் அதிகாரப்பூர்வ அறிக்கையில் அச்சாகிறது. பின்னால் எந்த அதிகாரி மாறினாலும் அந்தத் தாள் மாறாது.

உங்களை அன்றாடம் தொடுவது துணைச்சட்டம்

மேலே சொன்ன வழியில் வரும் பெரிய சட்டத்தைவிட, உங்கள் தொழிலை நாள்தோறும் கட்டுப்படுத்துவது மாநகர் கழகத்தின் துணைச்சட்டங்கள். மலாயில் உண்டாங்-உண்டாங் கெச்சில். தீவுக்குப் பினாங்குத் தீவு மாநகர் கழகம், பெருநிலத்துக்குச் செபராங் பிறை மாநகர் கழகம். இரண்டும் தனித்தனி அமைப்புகள். ஒன்றில் வாங்கிய லைசென்ஸ் மற்றதில் செல்லாது. பட்டர்வொர்த்தில் கடை வைத்துவிட்டு ஆயர் ஈத்தாமில் கிளை திறந்த ஒரு தம்பி இதை அபராத நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்.

1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தில் 102-ஆம் பிரிவு துணைச்சட்டம் இயற்ற அதிகாரம் கொடுக்கிறது. 103-ஆம் பிரிவுப்படி மாநில அரசு உறுதி செய்து, அரசிதழில் வெளியிட்ட பிறகுதான் அது செல்லும். துணைச்சட்டத்தை மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 104. 107-ஆம் பிரிவை மட்டும் நிதானமாக இரண்டு தடவை படியுங்கள். லைசென்ஸ் கொடுப்பதும் மறுப்பதும் மாநகர் கழகத்தின் முடிவு. ஒரு லைசென்ஸின் ஆயுள் மூன்று வருடத்துக்கு மேல் போகாது. காரணம் சொல்லாமலே எந்த நேரத்திலும் அதை ரத்து செய்ய முடியும். இவ்வளவு அதிகாரம் ஒரு பக்கம் குவிந்திருப்பது சரியல்ல என்பது என் கருத்து. ஆனால் அது இன்றைய சட்டம். அதனால் நிபந்தனைகளை ஒன்று விடாமல் காப்பாற்றுங்கள். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

அதே சட்டத்தில் மயானங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மாநகர் கழகம் மயானமும் சுடலையும் அமைக்கலாம், அனுமதி பெறாத இடத்தில் புதைக்கவோ எரிக்கவோ கூடாது, புதைத்த உடலை அனுமதியில்லாமல் தோண்டக்கூடாது என்பவை அதன் சாரம்.

மாநகர் கழகத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது. மயானக் கட்டணமோ சுடலை நேரமோ மாறப்போகிறது என்று காதில் விழுந்தால் போய் உட்காருங்கள். இருக்கைக்குப் பணம் கேட்கமாட்டார்கள்.

கடை திறக்கும் வரிசை

வணிகப் பெயரை மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வேறு பெயர் வைத்தால் 60.

அப்புறம்தான் இடம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடை வாடகைக்கு எடுத்து, முன்பணம் கட்டி, பெட்டிகளை அடுக்கிய பிறகு மாநகர் கழகத்துக்குப் போகிறார்கள். அந்தக் கட்டடத்தில் ஈமச்சேவை நடத்த அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். பெட்டி விற்பது மட்டுமா, உடலை வைத்திருக்கவும் போகிறீர்களா, பிரேத அலங்காரம் அங்கேயே நடக்குமா என்பதைப் பொறுத்து பதில் மாறும். உடல் வைக்கும் இடம் என்றால் 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி திட்ட அனுமதியும், கட்டடத்தை மாற்றினால் 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி கட்டட அனுமதியும் தேவைப்படலாம். அண்டை வீட்டார் மறுப்புச் சொல்வது சகஜம். நோட்டீஸ் ஒட்டும்வரை காத்திராமல் நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். துர்நாற்றம் வருமா, வாசலில் கூட்டம் கூடுமா, பிள்ளைகள் பயப்படுவார்களா என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விகள்.

விலையை எழுத்தில் கொடுங்கள். பெட்டி, வண்டி, மாலை, பந்தல், பூசாரி, சுடலைக் கட்டணம் என்று தனித்தனியாக எழுதுங்கள். 50,000 ரிங்கிட் வரையிலான புகார்களை நுகர்வோர் நடுவர் மன்றம் விசாரிக்கிறது, மனு போட 5 ரிங்கிட்தான். அதற்குப் பயந்து செய்யச் சொல்லவில்லை. அழுதுகொண்டிருக்கும் ஒரு பிள்ளை, தகப்பனின் உடலுக்கு முன்னால் நின்று பேரம் பேச முடியாது. அந்த நிலையில் இருப்பவரிடம் வாய்வார்த்தை விலை சொல்வது பாவம்.

ஒரு மரணம் நடந்த அன்று

மருத்துவமனையில் இறந்தால் மரணத்துக்கான காரணம் எழுதிய தாளை அங்கேயே தருவார்கள். வீட்டில் இறந்தால் மரணத்தை உறுதி செய்வதும் பதிவதும் முதல் வேலை. இறந்தவரின் அடையாள அட்டை, தகவல் சொல்பவரின் அடையாள அட்டை இரண்டையும் குடும்பத்தாரிடம் முதலிலேயே கேட்டு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அடக்க அனுமதியை மலாயில் பெர்மிட் மெங்குபூர் என்பார்கள். எரிப்பதானாலும் புதைப்பதானாலும் அந்தத் தாள் கைக்கு வராமல் சுடலையில் நேரம் குறிக்காதீர்கள், பந்தலுக்கும் சொல்லாதீர்கள்.

தீவில் பத்து லஞ்சாங் இந்து மயானத்தைப் பினாங்கு இந்து அறப்பணி வாரியம் கவனிக்கிறது. அந்த வாரியம் 1906-ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தின் வழி வந்தது. மாநகர் கழகத்தின் கிளை அல்ல. ஆகவே அங்குள்ள நேரம், கட்டணம், நடைமுறை பற்றி வாரியத்திடம்தான் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் இறந்து, உடலை ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தால் இன்னும் சில தாள்கள் சேரும். உடல்களை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கும் வெளியே அனுப்புவதற்கும் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் 2006-இல் வந்த விதிகள் இருக்கின்றன, சுகாதாரத் துறையின் அனுமதி வேண்டும். உடலைப் பதப்படுத்தியதற்கான சான்றிதழும், இந்தியத் தூதரகத்தின் ஆட்சேபணையில்லாக் கடிதமும் வேண்டும். முதலாளியையும் தூதரகத்தையும் முதல் நாளிலேயே அழைத்துவிடுங்கள். ஊரில் ஒரு தாய் காத்திருக்கிறாள்.

நிலம்: இதில்தான் நாம் அதிகம் இழந்திருக்கிறோம்

சரி, இனி நான் உங்களிடம் சொல்ல நினைத்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்தின் பின்பக்கம், செம்பனை வரிசைகள் முடிகிற மேட்டில் மயானம் இருந்தது. மூன்று தலைமுறையாக அங்கேதான் புதைத்தோம். பாட்டியும் அங்கேதான் இருந்தார். குழுவின் இரும்புப் பெட்டியில் ஒரு கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தோம். அந்த இடத்தைத் தொழிலாளர்கள் மயானமாகப் பயன்படுத்தலாம் என்று பழைய மேலாளர் ஒருவர் தட்டெழுத்தில் கொடுத்தது. அதுதான் எங்கள் பட்டா என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

தோட்டம் கை மாறியது. ஒரு நாள் சமாதிகளுக்கு நடுவில் சிவப்புப் பெயிண்ட் அடித்த அளவுக் குச்சிகள் நடப்பட்டிருந்தன. கடிதத்தை எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகப் பெயர்ப்பதிவைத் திறந்து காட்டினார். நிலம் முழுவதும் கம்பெனி பெயரில் இருந்தது. உபயோக நிபந்தனை விவசாயம். மயானம் என்ற சொல் எங்கேயும் இல்லை. மேலாளர் மனதார எழுதிக் கொடுத்தார், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடிதம் பதிவேட்டில் ஏறவில்லை.

பல வருடப் பேச்சுக்குப் பிறகு பாதி மேட்டைக் கம்பெனி மாநிலத்துக்குத் திருப்பி ஒப்படைத்தது, அது மயான ஒதுக்கீடாக அரசிதழில் வந்தது. மறுபாதியில் இருந்தவர்களை அனுமதி வாங்கித் தோண்டி எடுத்தோம். பாட்டி அந்தப் பாதியில் இருந்தார். தாத்தாவுக்கு முன்பே போனவர் அவர். மண்ணைச் சலித்தபோது பச்சைக் கண்ணாடி வளையலின் ஒரு துண்டு கிடைத்தது. என் அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

உங்கள் மயானத்துக்கு இது நடக்காமலிருக்க, குச்சி நடப்படும் முன்பே செய்ய வேண்டியவை இருக்கின்றன. பினாங்கில் ஐந்து மாவட்டங்கள்: தீவில் வடகிழக்கு, தென்மேற்கு, பெருநிலத்தில் செபராங் பிறை வடக்கு, மத்தி, தெற்கு. உங்கள் மயானம் எந்த மாவட்டம், லோட் எண், அதாவது அந்த நிலத்துண்டின் எண், என்ன என்று கண்டுபிடியுங்கள். எண் தெரியாவிட்டால் மயானத்தில் நின்று கைப்பேசி வரைபடத்தில் இடத்தைக் குறித்து, அந்தப் படத்தோடு போங்கள். கவுண்டரில் சாரியான் ரஸ்மி, அதாவது அதிகாரப்பூர்வத் தேடல், வேண்டும் என்று கேளுங்கள்.

தேடலின் முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும். நிலம் தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின் கீழ் மயான ஒதுக்கீடாக அரசிதழில் வந்திருந்தால் நிம்மதி. அரசிதழ் எண்ணையும், அதில் பொறுப்பாளராகக் குறிப்பிட்டுள்ள அதிகாரியின் பதவியையும் எழுதிக்கொள்ளுங்கள். அதை ரத்து செய்ய வேண்டுமென்றால்கூட 64-ஆம் பிரிவுப்படி அந்த யோசனையை அரசிதழில் அறிவித்து, விசாரணை நடத்திய பிறகே முடியும். அந்த விசாரணையில் நீங்கள் எழுந்து பேசலாம். இரண்டாவது, பெயரில்லாத அரசு நிலமாக இருக்கலாம். அப்படியானால் இன்றே ஒதுக்கீடு கேட்டு மாவட்ட நில அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொடுத்து, ஒரு பிரதியைச் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். நில ஒதுக்கீட்டை முடிவு செய்வது மாநில ஆட்சிக்குழு. மூன்றாவது, எங்களுக்கு நேர்ந்தது போல் தனியார் பெயரில் இருப்பது. கம்பெனி நல்ல உறவில் இருக்கும்போதே, விற்பனைப் பேச்சு எழும் முன்பே, மயானப் பகுதியைப் பிரித்து மாநிலத்திடம் ஒப்படைக்கச் சொல்லிக் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம், கடிதம்கூடப் போதாது, பதிவேட்டில் ஏறும்வரை விடாதீர்கள்.

பழைய கோப்புகளைக் காட்ட மறுத்தால், பினாங்கின் 2010-ஆம் ஆண்டு தகவல் சுதந்திரச் சட்டம் கைகொடுக்கும். மாநிலத் துறைகளிடமும் மாநகர் கழகங்களிடமும் உள்ள ஆவணத்துக்கு அதன் கீழ் விண்ணப்பிக்கலாம்.

நில அலுவலகத்துக்குப் போகும்போது இவை பையில் இருக்கட்டும்: குழுவின் பதிவுச் சான்றிதழ், மயானத்தின் படங்கள், கல்லில் தேதி தெரிகிற மிகப் பழைய சமாதியின் படம், அங்கே புதைக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல். பட்டியல் இல்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். ஊரில் மூத்த பாட்டிமார் ஒருவரை நாற்காலியோடு மயானத்துக்கு அழைத்துப் போங்கள், ஒரு சிறு பிள்ளையை நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார வையுங்கள். பாட்டி ஒவ்வொரு மேடாகக் கைகாட்டிப் பெயர் சொல்வார். பிள்ளை எழுதட்டும்.